கரட்டுப் பெரணி

ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால், தாங்கள் கண்டுபிடித்ததைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுவார்கள். நான் இன்றைக்கு, கண்டுபிடிக்காத ஒன்றைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன். புதைபடிவத் தாவரங்களைப் படிக்க வந்திருக்கிறீர்கள். கல்லைப் பிளப்பது, மெல்லிய சீவலாக அறுப்பது, நுண்ணோக்கியில் பார்ப்பது எல்லாம் இங்கேயே பழகிவிடும். நீங்கள் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காக எதிரில் ஒரு ஊரே நின்றால் என்ன செய்வது என்று யாரும் வகுப்பெடுக்க மாட்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். நம் தொழிலுக்கு இதைவிடப் பொருந்தாத ஊரைத் தேடிப் பிடிக்க முடியாது. சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகள் ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டு பழையவை. பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறி மேலே வந்தவை. தரையில் செடி என்று ஒன்று தலைகாட்டியதே நாற்பத்தேழு கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்று வைத்துக்கொள்கிறோம். அந்தப் பாறையில் இலையைத் தேடுவது, கருவில் இருக்கும் பிள்ளையிடம் பேரனைப் பற்றி விசாரிப்பது மாதிரி. பனமரத்துப்பட்டி ஏரிச் சேற்றைத் தோண்டினால் மகரந்தத் துகள் கிடைக்கும்; ஆனால் அது நேற்றைய கதை. செடிகளின் பழைய கதை வேண்டுமென்றால் கிழக்கே பெரம்பலூர், அரியலூர் பக்கம் போக வேண்டும். ஆகவே இங்கே யாரும் கல்லைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சுமதி. நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் முட்டைக் கோழிப்பண்ணை நடத்துபவர். பி.காம். படித்தவர், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. உடன் வந்தவர் அவருடைய கணவரின் தம்பி லோகநாதன். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு கல்லை அவர்தான் தூக்கி வந்தார். உடையாமல் இருக்க முட்டை அட்டைகளை மேலும் கீழும் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

பிரித்தார்கள். தாம்பாளம் அகலத்தில் வெளிர் நிறக் கல். அதன் முகத்தில் கறுப்பாக ஒரு பெரணி. காம்பு, கிளை, கிளையிலிருந்து கிளை, நுனியில் மயிரிழைபோல் பிரிந்த இலைகள். பாடப் புத்தகத்தில் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"எங்க கரட்டுல எடுத்ததுங்க மேடம்," என்றார் சுமதி. கரடு என்பது ஊரை ஒட்டி நிற்கும் சின்னப் பாறைக் குன்று. "காலேஜ் புரொபசர் ஒருத்தருக்கு போட்டோ அனுப்பிச்சோம். பல கோடி வருசத்துக்கு முந்தின பெரணின்னு சொல்லிட்டாருங்க. பேப்பர்லகூட வந்துருச்சு. ஆனா கூட்டத்துல காட்டோணும்னா அந்தத் துறையிலயே இருந்தவங்க ஒருத்தர் சொல்லோணும்ங்கறாங்க."

"என்ன கூட்டம்ங்க?"

லோகநாதன் விளக்கினார். கரட்டை வெட்டி ஜல்லியாக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அடுத்த வாரம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கரட்டடியில் வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, சுமதியின் பண்ணை இருந்தது. புதைபடிவம் இருக்கும் இடம் என்று ஆகிவிட்டால் குவாரிக்கு அனுமதி தள்ளிப்போகும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அது ஒன்றும் வெறும் வதந்தி அல்ல. தள்ளிப்போக வாய்ப்பு உண்டு.

நான் கைலென்ஸை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. "இடத்தைப் பார்க்காம எதுவும் சொல்லக் கூடாதுங்க," என்றேன். அது எங்கள் தொழிலின் விதி. அன்று அந்த விதி எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

மறுநாள் அவர்கள் காரிலேயே போனேன். கரட்டின் ஒரு சரிவில் பழைய பாறை வெடிப்புகள் வெளியே தெரிந்தன. பத்துப் பதினைந்து பேர் கூடவே ஏறி வந்தார்கள். "இங்க பாருங்க மேடம்", "இதோ இன்னொண்ணு" என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டுக் காட்டினார்கள். கண்டுபிடிக்கும் சந்தோஷத்தில் இருந்தார்கள். அவர்கள் காட்டிய ஒவ்வொரு பெரணியும் அவர்கள் பக்கத்து வாதத்தைப் பலவீனமாக்கிக்கொண்டே வந்தது. எல்லாமே விரிசலின் முகத்தில் மட்டும் இருந்தன. எல்லாமே விரிசலின் ஓரத்திலிருந்து புறப்பட்டு உள்ளே பரவியிருந்தன. எந்த இலைக்கும் நடு நரம்பு இல்லை. எந்த இலையும் இன்னொன்றின் மேல் விழுந்து கிடக்கவில்லை. ஒன்றுகூடக் கிழியவில்லை. மழைத் தண்ணீர் விரிசலில் இறங்கும்போது கரைத்துக் கொண்டுபோகும் மாங்கனீசு, சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரி கிளை கிளையாகப் படிந்த கறை அது. செடிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "இலையைப் பார்க்காதே. அது படுத்திருக்கிற கல் என்ன கல்லுன்னு பார்." அந்தக் கரட்டில் நின்றபோது கல்லைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் சுலபமாக இல்லை.

கீழே இறங்கி சுமதியின் பண்ணை அலுவலக அறையில் உட்கார்ந்தோம். டீ வந்தது. கூண்டு கூண்டாகக் கோழிகள் கொக்கரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து ஊர் குவாரியில் வெடி வைத்தபோது அங்கிருந்த ஒரு பண்ணையில் என்ன ஆனது என்று சுமதி சொன்னார். "மிரண்டு கூண்டுல மோதிக்குங்க. ஒரு வாரத்துக்கு முட்டை இறங்கிப் போயிரும். விழறதும் ஓடு பிடிக்காத தோல் முட்டையா விழும். அது தூரத்துல வெச்ச வெடிங்க. இது எங்க தலைமாட்டுல."

நான் சொன்னேன். "அது புதைபடிவம் இல்லீங்க. கறைங்க." ஏன் என்பதையும் சொன்னேன்.

லோகநாதன்தான் முதலில் வாய் திறந்தார். கோபமாக இல்லை. தொழில் பேசுகிறவர் குரல்.

"பொய் சொல்லச் சொல்லலீங்க மேடம். புதைபடிவமா இருக்கலாம், மேலும் ஆய்வு தேவைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அது பொய்யில்லீங்களே? எந்தக் கல்லா இருந்தாலும் ஆய்வு தேவைதானுங்களே?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்காகத்தான் இந்தக் கதையையே சொல்கிறேன். அந்த வரியை உங்களிடம் நிறையப் பேர் கேட்பார்கள். நிறுவனங்கள் கேட்கும், பத்திரிகைகள் கேட்கும், உங்கள் மேலதிகாரிகள் கேட்பார்கள். நல்ல மனிதர்களும் நல்ல காரணத்துக்காகக் கேட்பார்கள். அப்போதுதான் அது கஷ்டம். அந்த வரி யாரையும் குத்தாது. உங்களை யாரும் பின்னால் வந்து பிடிக்கவும் முடியாது. எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் மகிழ்ச்சியோடு எழுதியிருப்பேன். எனக்குத் தெரிந்திருந்தது.

"மேல ஆய்வு செய்ய அதுல ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "நான் எழுத முடியாது."

சுமதி டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களுக்கு அது ஒரு வரிங்க. எங்களுக்கு ஊடு வாசலுங்க."

அவர்கள் காரிலேயே சேலம் திரும்பினேன். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது லோகநாதன் ஒன்று கேட்டார்: "குவாரிக்காரங்க உங்கள முன்னாலயே பாத்துட்டாங்களாங்க?"

"இல்லீங்க."

அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

சாயங்காலம் அந்தக் கல்லூரி ஆசிரியர் போன் செய்தார். அவர் போட்டோவை மட்டும் பார்த்துச் சொன்னவர். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க ஆமான்னு சொல்ல வேண்டாம் மேடம். மறுத்துப் பேசாம இருந்தா போதும். ஏழை ஜனங்க, பாவம்." தன் பேர் பேப்பரில் வந்துவிட்டது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் சுமதி கூப்பிட்டார். வணக்கம் எல்லாம் இல்லை. "நெசமான பெரணி எப்படி இருக்கும்னு காட்டுவீங்களா?"

"கல்லுலயா?"

"கல்லுலதானுங்க. உங்க வாய்ச்சொல்லை நம்பி ஊர்க்காரங்ககிட்ட நான் போய் நிக்க முடியாது. நானே பாக்கோணும்."

இருவரும் விடியலில் கிளம்பினோம். அவரே கார் ஓட்டினார். தன் கல்லையும் முட்டை அட்டையோடு பின் சீட்டில் வைத்திருந்தார். பெரம்பலூரைத் தாண்டி, மழை அரித்து அரித்து ஓடை ஓடையாகப் போட்டிருக்கும் பொட்டல் நிலத்துக்குப் போனோம். நீங்களும் சீக்கிரம் அங்கே போவீர்கள். மரம் கிடையாது, நிழல் கிடையாது. வெள்ளையும் மஞ்சளுமாகக் களிமண் பாறை, அடுக்கடுக்காகப் பலகை மாதிரி உரியும்.

முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. சுமதி என்னைப் பார்த்த பார்வையில், ஏமாற்றுக்காரி என்ற எண்ணம் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கே கொஞ்சம் கவலைதான். பிறகு ஒரு ஓடைக் கரையில் உதிர்ந்து கிடந்த பலகை ஒன்றைத் திருப்பினேன். விரல் நீளத்தில் ஒரு இலை. தோட்டத்தில் அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடியின் ஓலை மாதிரி, நடுவில் ஈர்க்கு, இரு பக்கமும் சீப்புப் பல் போலச் சிற்றிலைகள். ஒரு பக்கம் பாதியில் அறுந்திருந்தது. நுனி மடங்கி, இன்னொரு துண்டின் மேல் குறுக்கே கிடந்தது.

லென்ஸைக் கொடுத்தேன். சுமதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு காருக்குப் போய்த் தன் கல்லைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னுது அழகா இருக்குதுங்க," என்றார் கடைசியில். "இது கிழிஞ்சு கிடக்குது."

"இது காத்துல ஆடி, உதிர்ந்து, தண்ணியில அடிச்சுக்கிட்டு வந்து சேத்துல விழுந்ததுங்க. கிழியாம எப்படி இருக்கும்?"

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். செடிகள் முதலில் ஈரமான தரையை ஒட்டிக் கிடந்தன. உள்ளே தண்ணீர் ஏறும் குழாய் உண்டான பிறகுதான் நிமிர்ந்து நின்றன. பெரணிகள் வந்தன, விதை வந்தது, இந்த ஓலைச் செடிகளும் ஊசியிலை மரங்களும் வந்தன. அதே பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் படுத்துக் கிடக்கும் கல்மரம் அந்த ஊசியிலைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றுதான் சொல்கிறார்கள். பூ வந்தது கடைசியில்தான். நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த அடுக்கில் நான் ஒரு பூச்செடி இலையைக்கூட எடுத்ததில்லை.

"அப்ப மக்காச்சோளம்?" என்றார். கோழித் தீவனத்தில் பாதி அதுதான்.

"அது புல்லு ஜாதிங்க. புல்லு எல்லாம் ரொம்பப் பிற்பாடு."

"எங்க கரடு?"

"இது எல்லாத்துக்கும் முன்னாலங்க. உங்க கரடு உண்டானப்ப நிலத்துல ஒரு செடியும் இல்லை. அதனாலதான் அதுல இலை இருக்க முடியாது."

"அவ்வளவு பழசுக்கு மதிப்பு இல்லீங்களா?"

"எனக்கு உண்டுங்க. குவாரியை நிறுத்தற அளவுக்குச் சட்டத்துல இருக்குமான்னு எனக்குத் தெரியலீங்க."

இலையை அங்கேயே, வைத்த வாக்கில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் ஒரு கடையில் சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே சுமதி சொன்னார்: "கூட்டத்துல இந்தக் கல்லை வெளிய எடுக்கக் கூடாதுங்க. எடுத்தா நாம செத்தோம்."

அவருடைய ஊர்க்காரர்கள் அதை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பேப்பரில் வந்ததை எப்படி விடுவது என்று லோகநாதன் சண்டைக்கே போனாராம். எனக்குச் சொந்தமாக ஒரு லாபம் இருக்க வேண்டும் என்று அவர் கடைசிவரை நம்பினார். கல்லைத் தன் பண்ணை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் சுமதி கூட்டத்துக்குக் கிளம்பியிருக்கிறார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அதிகாரிகள், ஒரு ஓரத்தில் நிறுவனத்தின் ஆலோசகர். நம் துறையில் படித்த இளைஞர்தான். அவர் மடியில் பெரிய பெரிய வண்ணப் படங்கள் இருந்தன. கூட்டம் தொடங்கும் முன் மேடைப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்திருந்தேன். எல்லாம் மாங்கனீசுக் கறை. உலகத்தில் எங்கெங்கோ கிடைத்த, பெரணி மாதிரியே இருக்கும் கறைகள். கல் மட்டும் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. ஊர்க்காரர்கள் கல்லைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள். அவர் எழுந்து ஒவ்வொரு படமாகக் காட்டியிருப்பார். கல் பொய் என்றானதும் கிணறும் பொய், கோழியும் பொய் என்று ஆகியிருக்கும்.

சுமதி எழுந்து பேசினார். கோழியைப் பற்றிப் பேசினார். பக்கத்து ஊர் குவாரியால் வெடிப்பு விட்ட வீடுகளைப் பற்றி, கரட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் எந்தெந்தக் கிணற்றுக்கு ஊறுகிறது என்பதைப் பற்றிப் பேசினார். பெரணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொறுக்க முடியாமல் ஆலோசகரே கேட்டுவிட்டார்: "பத்திரிகையில ஏதோ புதைபடிவம்னு வந்துச்சே, அதைப் பத்தி நீங்க எதுவும் சொல்லலையே?"

"அது செடி இல்லீங்க. கல்லுல ஊறுன கறைங்க," என்றார் சுமதி. "நாங்களே போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம். உங்க அறிக்கையில கரட்டடியில குறிப்பிடும்படியான கிணறு இல்லைன்னு போட்டிருக்கறீங்க. நாங்க குடிக்கறது எதுலீங்க? நீங்க வந்து பாத்தீங்களா?"

மண்டபத்தில் கைதட்டல். ஆலோசகர் படங்களைத் திரும்ப உறையில் போட்டார். அதிகாரி ஒருவர் அவரிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அவர் இடத்துக்கு ஒருமுறை போனதாகவும், கீழ்ப்பக்கம் இறங்கவில்லை என்றும் சொன்னார்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் அந்த இளைஞர் என்னிடம் வந்தார். என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்தக் கல்லைக் கொண்டுவருவாங்கன்னு நம்பித்தான் மேடம் தயாராயி வந்தேன். வேற எதுக்கும் நான் தயாராகலை."

"கிணத்தைப் பத்தின அந்த வரியை நீங்கதான் எழுதினீங்களா?"

"எழுதிக் குடுக்கச் சொன்னாங்க."

அவருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியைத் திருத்தி எழுதச் சொன்னேன். எழுதினாரா என்று எனக்குத் தெரியாது.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். குவாரிக்கு அனுமதி கிடைத்தது. கரட்டின் அந்தப் பக்கச் சரிவுக்கு மட்டும். வீடுகள் இருக்கிற இந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது, வெடிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். சில நாள் சொல்கிறார்கள், சில நாள் சொல்வதில்லை. சுமதி ஒரு கொட்டகையைப் பிரித்துத் தள்ளிக் கட்டினார். லோகநாதன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கல்லூரி ஆசிரியர் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

சுமதி மட்டும் இடையிடையே கூப்பிடுவார். போன மாதமும் கூப்பிட்டார். அன்று சொல்லாமல் வெடி வைத்துவிட்டார்கள். கோழிகள் மிரண்டு கத்துவது போனிலேயே கேட்டது. கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு நீங்க அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்து, அந்தப் பையன் படத்தையெல்லாம் கொண்டுவராம இருந்திருந்தா, இன்னிக்கு இந்தக் குவாரியே இருந்திருக்காதோன்னு சில நாள் தோணுதுங்க."

நான் யோசித்தேன். யோசிக்க வேண்டிய கேள்விதான் அது.

"இருந்திருக்காமப் போயிருக்கலாம்ங்க," என்றேன்.

சுமதி சொன்னார்:

"அப்படியெல்லாம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்கு நிம்மதியா இருக்குமில்லீங்க?"

"இருக்கும்ங்க."

"ஆனா சொல்ல மாட்டீங்க," என்று அவர் சிரித்துவிட்டார்.